பக்கவாட்டுப் பொத்தான்கள்

வெட்டச் சொல்லிக் கொடுத்த துணியை லோயிஸ் இன்னும் வெட்டவில்லை. தையல் மிஷினுக்கு அடியில், ஒரு பழைய தலையணை உறைக்குள் அது சுருண்டு கிடந்தது. மிதிக்கும்போதெல்லாம் அவள் முழங்கால் அந்த மூட்டையில் இடித்தது. இடிக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது. எங்கே என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அது ஒரு கால்சட்டை. அமெரிக்காவிலிருந்து சித்தூர் மிஷனுக்கு வருஷா வருஷம் வரும் பெட்டியில் வந்தது. வழக்கமான கம்பளிச் சட்டைகளுக்கும் குழந்தைத் தொப்பிகளுக்கும் நடுவே, இந்தத் தடவை முரட்டு நீலத் துணியில் சில கால்சட்டைகள் இருந்தன. மிஷன் துரைசாணி அந்தத் துணியை டெனிம் என்றாள். காம்பவுண்டில் யாருக்கும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. பெட்டி நீலம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஆண்களுக்கானவை அன்றைக்கே பறந்துவிட்டன. இது மட்டும் மிஞ்சியது. இதற்கு முன்பக்கம் திறப்பு கிடையாது. இடுப்பின் ஓரத்தில் பித்தளைப் பொத்தான்கள் வரிசையாக இறங்கின.

"இது இன்னாடா, வாசல சந்துப் பக்கமா வச்சிக் கட்டின வீடு மாதிரி!" என்று அசரியா சிரித்தான். அசரியா லோயிஸின் தம்பி, மிஷன் ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவன்.

"அது பெண்கள் போடுவது" என்று துரைசாணி சொன்னதும் சிரிப்பு நின்றது. சபையின் போதகரான ஐயரின் மனைவி தபீதாள் அதை எடுத்து லோயிஸின் கையில் வைத்தாள். காம்பவுண்டில் எல்லோருக்கும் அவள் ஐயரம்மா.

"நம்ம பொண்ணுங்க இதப் போட்டுக்கினு எங்க போறது? வெட்டி, ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பை தச்சிடு லோயிஸ். கெட்டித் துணி, நல்லா உழைக்கும்."

"சரிங்கம்மா" என்றாள் லோயிஸ். அவள் மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். வெட்டுவதும் தைப்பதும்தான் அவளுக்குத் தெரிந்த பிழைப்பு. இந்தத் துணியில் மட்டும் கத்தரிக்கோல் இறங்க மறுத்தது. இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று அவளும் தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது, செருப்புக்குள் புகுந்த மணல் போல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் பெட்டி நீலக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் கூடிவிடுவார்கள். கெட்டி ஊசி போட்ட மிஷின் அவளிடம்தான் இருந்தது. கால் மடிப்பை வெளியே திருப்பிவிடுவதா, வெட்டி அடித்துவிடுவதா? முட்டி கிழிந்தால் உள்ளே ஒட்டுப் போடுவதா, மேலேயா? சவுக்காரம் போடலாமா? அவர்கள் பேசுவதைக் கேட்டால் வீட்டில் கன்று ஈன்ற மாடு நிற்கிறதோ என்று தோன்றும்.

பெட்டியில் வருவது எதுவானாலும் சோடா உப்புப் போட்டு வேகவைத்துத்தான் உடம்பில் போட வேண்டும் என்பது சபை வழக்கம். கடல் தாண்டி வரும் துணியில் என்ன நோய் இருக்குமோ என்கிற பயம். அசரியாவின் கால்சட்டை அப்படி வெந்து கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. "கொக்கு வருது, மீனெல்லாம் ஓடிப் போயிடுங்க" என்று பள்ளிப் பிள்ளைகள் கத்தினார்கள். வெட்டப் போகிற துணிதானே என்று லோயிஸிடம் வந்தது மட்டும் வேகாமல் தப்பித்தது.

கெட்டி ஊசி ஒன்று உடைந்தபோது, வாங்கிவர அவள் வேனில் திருப்பதிக்குப் போனாள். அசரியாவுக்கு அங்கே வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை இருந்தது. பட்டறை மெக்கானிக் நாகேந்திரன் அவனுடைய சிநேகிதன், புத்தூர்ப் பக்கத்துக்காரன். சென்னை மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்த நீலக் கால்சட்டை ஒன்றை வைத்திருந்தான். இந்த விஷயத்தில் அவன் சொன்னதுதான் எல்லோருக்கும் சட்டம்.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேரும், புத்தூரும் சித்தூரும் ஆந்திராவிலேயே நிற்கும் என்று முடிவாகியிருந்த சமயம் அது. பட்டறையில் காத்திருந்த டிரைவர்கள் அதையே மென்றுகொண்டிருந்தார்கள்.

"நீ எந்தப் பக்கம்பா?" என்று ஒருவர் அசரியாவைக் கேட்டார்.

"நான் ஸ்டியரிங் பக்கம்" என்றான் அசரியா.

லோயிஸை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். மனசுக்குள் துழாவியதில் தலையணை உறைக்குள் இருந்த மூட்டைதான் கையில் தட்டுப்பட்டது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அசரியா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் நாகேந்திரனிடம் பேச்சை எடுத்தாள்.

"ஒருத்தருக்கு இந்தத் துணி இடுப்புல லூசா இருந்தா, பிரிச்சித் தைக்கலாமா?"

"காதுக்கா, காது!" என்று தெலுங்கில் மறுத்தான். "ஊசியே வைக்கக் கூடாது. வேக வச்சிதா?"

"இல்ல."

"பாகுந்தி, நல்லதாப் போச்சு! அப்டின்னா அது இன்னும் உயிரோட கீது. பச்சத் தண்ணியில ஊறப்போட்டு, புழியாம அப்படியே ஈரத்தோட மாட்டிக்கணும். காயிற வரைக்கும் கழட்டக் கூடாது, உக்காரக் கூடாது, நடந்துக்கினே இருக்கணும். ஆளு எப்பிடியோ துணியும் அப்பிடியே புடிச்சிக்கும். அப்புறம் எப்பனா ஒரு வாட்டி துவச்சாப் போதும். உள்பக்கத்த வெளியே திருப்பி, நெழல்ல போடணும்."

"சாயம்?"

"முதல் தண்ணிக்குப் போவத்தான் செய்யும். கிட்ட வெள்ளத் துணி வராமப் பாத்துக்கோ. அது சரி, ஆளு யாரு? குண்டா, ஒல்லியா?"

"ஒல்லி" என்று சொல்லிவிட்டு லோயிஸ் வேன் பக்கமாக நடந்தாள். காது மடல் சுட்டது.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பிள்ளைகள் ஓரம் அடிக்கும்போது ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்தாள். ராத்திரியில் சாக்குச் சொல்லிப் பழகினாள். மிஷன் கிடங்கில் ஒரு பெண்கள் சைக்கிள் சும்மாக் கிடக்கிறது. அதில் குடிபாலா கிராமத்துக்குப் போய் அங்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கலாம். புடவை சங்கிலியில் மாட்டும், ஆகவே கால்சட்டை வேண்டும். நல்ல சாக்குதான். ஊழியம் என்று சொன்னால் ஐயரம்மா மறுக்கமாட்டாள். ஆனால் அவளுக்குச் சைக்கிள் மேல் ஆசையும் இல்லை, குடிபாலா மேல் ஆசையும் இல்லை. ஆசை வேறெங்கோ இருந்தது. பெயரில்லாத ஆசையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னதான் செய்வாள்?

சனிக்கிழமை காலை ஐயரம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "பையெல்லாம் ஆயிடுச்சா லோயிஸ்? திங்கக்கிழம பிள்ளைங்களுக்குக் குடுத்திடலாம்."

"ஆயிடும்மா."

அசரியா வேனை எடுத்துக்கொண்டு போனதும் லோயிஸ் கதவைச் சாத்தினாள். மூட்டையைப் பிரித்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்து வெகுநேரம் நின்றாள். பிறகு அதை மிஷின் மேல் வைத்துவிட்டு, அண்டாத் தண்ணீரில் துணியை அமுக்கினாள். தண்ணீர் இருண்டது.

ஈரத் துணி தொடையில் ஏறும்போது மார்கழிக் குளிரில் பல் கிட்டியது. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். அவள் கை வாகுக்கென்றே வைத்தது போல எல்லாம் அந்த ஓரத்தில் இருந்தன. இரண்டு கால்களும் தனித்தனியாக இருப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. நடந்தாள். கட்டிலிலிருந்து அடுப்பங்கரை, அடுப்பங்கரையிலிருந்து கட்டில். உட்காரக் கூடாது. நடக்க நடக்க, இத்தனை நாளாக உள்ளே அலைந்த ஒன்று இப்போது கால் வழியாக வெளியே வந்து அலைகிற மாதிரி இருந்தது.

மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. வெயிலே வரவில்லை. மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வானத்தை மூடிக்கொண்டது. அந்தத் துணி குடித்த தண்ணீரை விடுவதாக இல்லை. அவள் நடந்துகொண்டே இருக்க, கோயில் மணி அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து. அதற்கு முந்தின சாயங்காலம் ஆயத்த ஆராதனை. திருவிருந்து எடுக்கிற பெண்கள் அதற்கு வெள்ளைப் புடவையில் வர வேண்டும். வராதவளுக்கு மறுநாள் பந்தியில் இடமில்லை. யாரும் எழுதி வைக்காத வழக்கம், ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். ஈரத்தில் காஜாத் துளை இறுகிப்போயிருந்தது. இழுத்தாள், நகம் உடைந்தது. இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. கத்தரிக்கோல் எதிரிலேயே இருந்தது. ஒரு வெட்டு போதும், வெளியே வந்துவிடலாம். அவள் பெட்டியைத் திறந்து தன்னிடமிருந்த ஒரே வெள்ளைப் புடவையை எடுத்து, கால்சட்டை மேலேயே சுற்றிக்கொண்டாள்.

சாயத்தைப் பற்றி நாகேந்திரன் சொன்னது கோயில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முழங்காலில் மங்கலாக ஒரு நீலம் தெரிந்தது. முதலில் நிழல் என்று நினைத்தாள். ஐயர் பாவ அறிக்கை ஜெபம் சொல்ல, எல்லோரும் முழங்கால் போட்டார்கள். எழுந்தபோது நிழல் அகன்றிருந்தது. இடுப்பு, தொடை, முட்டி என்று உள்ளே இருந்தது அப்படியே வெள்ளையில் எழும்பி வந்தது. பக்கத்துப் பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்ததும் ஐயரம்மா அவளைக் கதவோரம் நிறுத்தினாள். "இன்னா கோலம் இது? மை கொட்டிச்சா?"

"மை இல்லம்மா."

ஐயரம்மா குனிந்து விரலால் தேய்த்து, விரல் நுனியைப் பார்த்தாள். முகம் மாறியது. "வெட்டலியா நீ?"

"வெட்டல."

"உள்ளாற போட்டுக்கினா வந்த? கோயிலுக்குள்ளயா?" குரல் தாழ்ந்தது. பிறகு அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "அந்த சைக்கிளு கெடக்குதே, அத ஓட்டக் கத்துக்கினியா? அதுக்குன்னா சொல்லு. நான் ஐயர் கிட்ட பேசிக்கிறேன்" என்றாள்.

வாரக்கணக்காக அவள் பழகி வைத்திருந்த சாக்கு. ஐயரம்மாவே அதை எடுத்து நீட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இது ஊழியத்துக்கான துணியாகிவிடும். மிஷனுடையதாகிவிடும். என்றைக்காவது சைக்கிள் ஓட்டாமல் இதைப் போட்டால், எதற்கு என்று அப்போதும் கேட்பார்கள்.

"சைக்கிளுக்கு இல்லம்மா. எனக்குத்தான் வேணும்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எனக்குப் புடிச்சிருக்கு."

ஐயரம்மா விரல் நுனியை இன்னொரு தடவை பார்த்தாள். "பிள்ளைங்க பை?" என்றாள் கடைசியில்.

"திங்கக்கிழம காலையில குடுத்திடுறேன். வேற துணி இருக்குது."

"நாளைக்கு எதக் கட்டிக்கினு வருவ? இது ஒண்ணுதான வெள்ள உனக்கு?"

"இதையேதான் கட்டிக்கினு வருவேன். கறையோட."

"வரத்துக்கு நான் யாரு வேணாம்னு சொல்ல. கடைசி பெஞ்சுல உக்காரு." அவள் நீலமான விரலைத் தன் முந்தானையில் துடைக்கப் போய், அதுவும் வெள்ளை என்று கண்டு கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்த லோயிஸ் புடவையை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். மெத்தையை இழுத்துத் தரையில் தள்ளினாள். கோடு போட்ட கெட்டி உறை. அம்மா அவள் கல்யாணத்துக்கென்று தைத்து வைத்தது. கத்தரிக்கோலைத் தையலில் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்ததும் இலவம் பஞ்சு எழும்பி அறையெங்கும் பறந்தது.

அசரியா கதவைத் திறந்து அப்படியே நின்றான். கால்சட்டையைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், மறுபடியும் கால்சட்டையைப் பார்த்தான்.

"அக்கா... அந்த ஒல்லி ஆளு நீதானா? நாகேந்திரன் கேட்டுக் கேட்டு உயிர எடுத்துட்டான்."

"கதவச் சாத்துடா, பஞ்சு போவுது."

"எதுமேல படுப்ப இனிமே?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "பாத்துக்கலாம்" என்றாள். துணி இன்னும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. இனிமேலாவது உட்காரக் கூடாது என்று, நின்றபடியே அந்த உறையில் பைகளுக்கு அளவு குறிக்கத் தொடங்கினாள். நீலத்தின் மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டாள், மறுபடியும் வந்து ஒட்டியது.