வூல் பொன்னாடை

தோட்டக் கமிட்டித் தலைவர் கன்னையா பேசும்போது சுமித்ரா எப்போதும் ஒரு முழம் தள்ளித்தான் நிற்பாள். வெற்றிலை போடாத வாயோடு அவரை யாரும் பார்த்ததில்லை. சொல்லோடு சாறும் தெறிக்கும். அன்றைக்கு பிள்ளைக்காம்பரா வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் தள்ளி நிற்க இடமில்லாமல் போயிற்று. உள்ளே பதினொரு பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். தாய்மார் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் சுமித்ராவின் வேலை.

"மேநாட்டு மலைப் பக்கமிருந்து டீச்சரம்மா வாராங்க, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு" என்றார் கன்னையா. "மண்சரிவுக்கு ஒதவி செஞ்ச இஸ்கூல். சரிகைப் பொன்னாட எல்லாரும்தான் போடுறானுங்க. நம்ம தோட்டத்துக் கைவேலயா இருந்தா ஒரு மரியாத. நீதான் நல்லா பின்னுவியே, வூல்ல பெரிசா ஒன்னு பின்னு. நூலு வாங்க கமிட்டியில இருந்து காசு தாரேன்."

"எனக்குக் கூலி வேணாங்க தலைவரே. மிச்சம் வர்ற நூல மட்டும் குடுத்துருங்க. பாப்பாவுக்கு ஒரு சுவெட்டர் பின்னணும்."

"அட, எடுத்துக்க! நானா வேணாங்கப்போறேன்?" என்று சிரித்தார். ஒரு துளி அவள் கையில் வந்து விழுந்தது. அவர் போன பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. வைகாசி மழையில் மலை உடைந்து கீழ் லயத்து வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சிய பத்தொன்பது குடும்பங்களையும் கைவிட்ட பழைய தேயிலை ஸ்டோருக்குள் சாக்குத் தட்டி கட்டிக் குடிவைத்தார்கள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. றக்வான மலைக் காற்று அதன் வழியாக வந்து பிள்ளைகளின் நெஞ்சில்தான் உட்கார்ந்தது. சுமித்ராவின் மகள் நிரோஷினிக்கு ஐந்து வயது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிடும். நெஞ்சைச் சூடாக வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். எதை வைத்துச் சூடாக்குவது என்று அவர் சொல்லவில்லை.

நிவாரணம் வந்தது. வாளி வந்தது, பாய் வந்தது, ஆளுக்கொரு சட்டி வந்தது. புது வீடு கட்டித் தருவதற்கான லிஸ்டையும் கன்னையாதான் எழுதினார். பிள்ளைகளுக்குச் சுவெட்டரும் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. லொறி வந்து போன மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் வைத்துக் கன்னையா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், "சுவெட்டரு வரல. நானும் கேட்டுப் பாத்துட்டேன்." சனங்கள் நம்பினார்கள். சுமித்ராவும் நம்பினாள். வந்ததை வரவில்லை என்று ஒருவர் ஏன் பொய் சொல்லப்போகிறார்?

றக்வான பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஸுபைதாவின் நூல் கடை. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். கடைக்கு வருகிற தோட்டத்துப் பெண்களும் அவளை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். போத்தல் போத்தலாகப் பொத்தான், கண்ணாடி அலுமாரியில் கொழும்பிலிருந்து வரும் வூல், ஒவ்வோர் உருண்டைக்கும் இடுப்பில் ஒரு காகிதப் பட்டி. அன்று பட்டி இல்லாத உருண்டைகள் ஒரு கூடை நிறைய வாசலில் இருந்தன.

"புதுசா வந்திருக்கு மகள்" என்றாள் ஸுபைதா. "கொழும்பு கார்மெண்ட்ல மிஞ்சினதாம். பாதி வில."

சுமித்ரா ஓர் உருண்டையின் நுனியை இழுத்துப் பார்த்தாள். நூல் நேராக நிற்கவில்லை. அவிழ்த்த சடை முடிபோல நெளிந்து நெளிந்து வந்தது. பின்னுகிற எவளுக்கும் அது தெரியும். புது நூல் நெளியாது. ஒரு தடவை ஊசியில் ஏறிக் கண்ணி கண்ணியாய்க் கிடந்த நூல்தான் அப்படி நெளியும். கேட்கத்தான் வாய் வந்தது. பாதி விலைக்கு வாங்கினால் இரண்டு மடங்கு வரும், பொன்னாடை போக மகளுக்கு ஒரு முழுச் சுவெட்டர் தேறும் என்று கணக்குப் போட்டதும் வந்த வாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு உருண்டை எடுத்தாள். பழுப்பு, பாசிப் பச்சை, நீலம். ஒன்று மட்டும் விநோதம். செம்மஞ்சளையும் பச்சையையும் இரட்டையாகச் சேர்த்துச் சுற்றியிருந்தது.

பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் பின்னினாள். நூலில் அடிக்கடி முடிச்சு வந்தது. நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, பல்லால் கடித்து, முடிச்சை உள்பக்கம் தள்ளிப் பின்னினாள். உருண்டை தீரும்போது நடுவில் சுற்றியிருந்த காகிதத் துண்டு கூடைக்குள் விழும். உருண்டை என்றால் நடுவில் காகிதம் இருக்கத்தானே செய்யும்? அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கன்னையா மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் ஒரே பேச்சு. "இன்னும் நீளம் வேணும். போட்டோவுல தெரிய வேணாமா?" நீளம் கூடக்கூட மகளின் சுவெட்டர் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. பன்னிரண்டாவது உருண்டை, அந்தச் செம்மஞ்சள் பச்சை, பொன்னாடையின் கடைசி வரிசையில் தீர்ந்தது. சுமித்ராவுக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிரோஷினி உருண்டையிலிருந்து விழுந்த காகிதத்தைப் பிரித்து, "அம்மா, எழுத்து இருக்கு" என்று நீட்டினாள்.

கொப்பித் தாளில், அழித்து அழித்து எழுதிய உருண்டைக் கையெழுத்து.

"அன்புள்ள தங்கைக்கு அல்லது தம்பிக்கு, என்னிடம் ஒரே நிற வூல் போதவில்லை. அதனால் செம்மஞ்சளும் பச்சையும் சேர்த்துப் பின்னினேன். ஒரு கை நீளமாக இருக்கும். மடித்துப் போடுங்கள். இனி உங்களுக்குக் குளிராது. பஸ்னா, ஆண்டு எட்டு."

சுமித்ரா கூடையைக் கவிழ்த்தாள். பன்னிரண்டு காகிதம். பன்னிரண்டிலும் எழுத்து, பன்னிரண்டிலும் மேல் மூலையில் ஊக்குக் குத்திய ஓட்டை. ஒரு பிள்ளை சூரியன் வரைந்திருந்தது. ஒரு பிள்ளை, "நாங்கள் ஒவ்வொருவரும் ஒன்று பின்னினோம், நாற்பது பேர்" என்று எழுதியிருந்தது.

அந்த நூலை எத்தனை தடவை வாயில் வைத்தாள்! வெளியே ஓடிப்போய்க் காறித் துப்பினாள். குழாயில் வாய் கொப்பளித்தாள். மறுபடி துப்பினாள். நாக்கில் ரோமம் ஒட்டியது போலவே இருந்தது. சந்தேகம் வந்த அன்றைக்கே கேட்காமல் பாதி விலைக்கு வாயைப் பொத்திக்கொண்ட தன்னை நினைத்தபோது அந்தக் குமட்டல் இன்னும் கூடிற்று.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு பஜாருக்கு பஸ் ஏறினாள். ஸுபைதா காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் வெளுத்தது.

"அல்லாஹ்வே! வெள்ளையம்மாதான் கொண்டுவந்து தந்த, மகள். தம்பி கார்மெண்ட்ல வேல செய்றதாம், அங்கால மிஞ்சினதாம்னு சொன்ன. வேற ஒன்னும் எனக்குத் தெரியா."

வெள்ளையம்மா கன்னையாவின் மனைவி. சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் வைக்கிறவள், எழுத்து தெரியாதவள். சுவெட்டரில் குத்தியிருந்த காகிதத்தை வெறும் குப்பையென்று நினைத்து அதன் மேலேயே நூலைச் சுற்றியிருக்கிறாள்.

"மிச்ச நூலு, தாத்தா?"

"கொடகவெல கடைக்காரர் மொத்தமா எடுத்துட்டுப் போன. ஒன்னும் மிச்சமில்ல மகள்."

அங்கிருந்து நேரே கன்னையா வீட்டுக்குப் போனாள். பையில் இருந்த முடித்த பொன்னாடையைக் காட்டும் சாக்கில், ஒரு காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனாள். கன்னையா கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் படிக்கம். அதில் நிரம்பியிருந்த சிவப்பு எச்சிலின் மேல் நீலமும் பச்சையுமாக வூல் தும்பு மிதந்தது. சுமித்ரா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

காகிதத்தை நீட்டினாள். அவர் வாசித்தார். வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நாப்பது சுவெட்டருதான் வந்துச்சு. தோட்டத்துல தொண்ணூறு பிள்ளைங்க. யாருக்குக் குடுக்க, யாருக்கு உட? அடிதடிதான் வரும்."

"அதுக்கு, அவுத்தா விப்பாங்க?"

"முழுசா வித்தா எவ பிள்ளயாவது மாட்டிக்கிட்டு வந்து கண்ணு முன்னாடி நிக்கும்ல? நூலாக்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் கன்னையா. அதைச் சொன்ன குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. காகிதத்தைக் கசக்கிப் படிக்கத்தில் போட்டார். "புது வீட்டு லிஸ்டுல ஒம் பேரு ஏழாவது. எழுதுனவனுக்கு அழிக்கவும் தெரியும். சரி சரி, பொன்னாட நல்லாத்தான் வந்திருக்கு." விரித்துப் பார்த்தவர், விரலில் இருந்த வெற்றிலையையும் சுண்ணாம்பையும் போகிற போக்கில் அதன் ஓரத்திலேயே துடைத்தார். "கசங்காம மடிச்சு எடுத்துக்கிட்டு வா, வெள்ளிக்கெழம."

சுமித்ரா பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீடு என்ற சொல் அவளை இறுக்கிப் பிடித்திருந்தது. மூச்சிழுக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தத் தகரத்துக்குக் கீழே இன்னும் எத்தனை மழைக்காலம் இருப்பது? படிக்கத்தில் ஊறிக் கரைந்தது போக பதினொரு காகிதங்கள் அவளிடம் இருந்தன, பஸ்னாவுடையதும் அதில் இருந்தது. அவற்றை எறிய மனம் வரவில்லை. பொன்னாடையின் உள்பக்கத்தில், எந்தக் காகிதம் எந்த நிறத்திலிருந்து விழுந்ததோ அந்த நிறத்தின் மேலேயே வைத்து, ஒவ்வொன்றையும் ஊசி நூலால் தைத்தாள். வாயால் சொல்லத் துணிவில்லாதவள் கையால் செய்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் வாழைமரம் கட்டியிருந்தார்கள். டீச்சரம்மாவோடு பதினைந்து பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். வரும்போதே அவர்கள் கண் தோட்டத்துப் பிள்ளைகளின் உடம்பைத் தேடியது. யார் என்னுடையதைப் போட்டிருக்கிறார்கள் என்ற தேடல். ஒரு பிள்ளையின் மேலும் சுவெட்டர் இல்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கன்னையா அரைமணி நேரம் பேசினார். "இந்த ஒதவிய எங்க உயிரு உள்ளவர மறக்கமாட்டோம்" என்றபோது குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பைக் கேட்கச் சுமித்ராவுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு அவள் கையிலிருந்து பொன்னாடையை வாங்கி, மடிப்பைப் பிரிக்காமலே டீச்சரின் தோளில் போர்த்தினார். கூட்டத்தில் நின்ற வெள்ளையம்மா நிறங்களைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று.

தோளில் சரசரவென்று காகிதச் சத்தம். டீச்சர் பொன்னாடையை எடுத்து விரித்தார். உள்பக்கம் பதினொரு கையெழுத்து.

சுமித்ரா கன்னையாவைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள். கன்னையாவின் கண் ஒரு தடவைதான் இமைத்தது.

"பாத்தீங்களா டீச்சர்!" என்றார் உரக்க. "ஒங்க பிள்ளைங்க எழுதுன கடுதாசிய நாங்க தூக்கிப் போடல. நெஞ்சுல வச்சுத் தச்சிருக்கோம்!"

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அவர் கைதட்டினார், பிள்ளைகள் தட்டினார்கள், தோட்டமே தட்டியது. கன்னையா இரு கையையும் கூப்பி நின்றார். போட்டோக்காரன் அதையும் எடுத்தான். சுமித்ரா தைத்த தையலையும் சேர்த்தல்லவா அந்த மனுசன் வாய்க்குள் போட்டு மென்றுவிட்டான்!

கைதட்டல் அடங்கியதும் முக்காடு போட்ட ஒரு பிள்ளை முன்னால் வந்து செம்மஞ்சள் பச்சை வரிசையைத் தொட்டுப் பார்த்தது. "டீச்சர், இது என்ட வூல் மாதிரியே இருக்கு" என்றது. பிறகு கன்னையாவை நிமிர்ந்து பார்த்தது. "சேர், என்ட சுவெட்டர் யாரு போட்டிருக்கிற? ஒரு கை நீளம்."

"அது... பத்திரமா வச்சிருக்கோம் பாப்பா. நத்தார்ப் பண்டிகைக்குக் குடுக்கலாம்னு" என்றார் கன்னையா.

கூட்டத்தின் ஓரத்தில் நிரோஷினி இருமினாள். இருமி முடித்து மூச்சை இழுத்தாள். அந்தக் கீச்சுச் சத்தம் கோயில் வாசல்வரை கேட்டது. சுமித்ராவைப் பிடித்திருந்த அந்தச் சொல் விட்டுவிட்டது.

"டீச்சர்" என்றாள். அவள் குரலை அவளே அடையாளம் காணவில்லை. "பிள்ளைங்களுக்கு அனுப்புன சுவெட்டரு ஒங்க தோள்லதாங்க இருக்கு. அவுத்து, நூலாக்கி, கடையில வித்துட்டாங்க. அத வாங்கி நான்தான் பின்னுனேன். இந்தா நிக்கிறாங்களே வெள்ளையம்மாக்கா, அவங்கதான் கடையில குடுத்தது. அவுக்கச் சொன்னது தலைவரு."

டீச்சர் வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. கன்னையா பேச வாய் திறந்தார். சாறு நிரம்பியிருந்ததால் முதலில் விழுங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு விழுங்கலில் தோட்டம் முழுவதுக்கும் விளங்கிவிட்டது.

மேலே கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல டீச்சர் பொன்னாடையை உதறினார். அது மண்ணில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. கன்னையாவைச் சுற்றிக் கூச்சல் எழும்பியது. "எங்கய்யா சுவெட்டரு?" என்று யாரோ சட்டையைப் பிடித்தார்கள்.

ஏழாவதாக இருந்த தன் பேர் இனி லிஸ்டில் இருக்காது என்று சுமித்ராவுக்குத் தெரியும். குனிந்து பொன்னாடையை எடுத்தாள். தொடவே கை கூசியது. ஆனாலும் அது வூல், அடர்த்தியான நல்ல வூல். இரண்டு உதறு உதறி, மகளின் நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்றாகச் சுற்றினாள். கன்னையா விரல் துடைத்த ஓரம் பிள்ளையின் மேல் படாதபடி அதை மட்டும் வெளிப்பக்கமாக மடித்துவிட்டாள்.