கணுக்கால் ஆழத்தில் ஒரு மலை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, இளஞ்செழியனின் ஊரில் மலை கிடையாது. மேடு எங்கே என்று கேட்டால் ரயில்வே கேட்டைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குச் சொந்தமாக ஒரு மலை இருந்தது. அது அரபிக்கடலுக்கு அடியில் இருந்தது. அதை அவன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் பாதிப்பேர் இதை நம்பவில்லை. மீதிப்பேரிடம் அவன் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவனுக்கு மலையை நினைக்க நேரமில்லை. இரண்டாம் போகத் தாளடிப் பயிர், கதிரில் பால் பிடிக்கும் பருவம். மேட்டூர் அணையை மூடப்போகிறார்கள், வாய்க்காலில் வருவது கடைசி முறைத் தண்ணீர். கடைமடையில் கிடக்கும் அவன் வயலுக்கு இந்த ஒரு நனைப்பு கிடைத்தால் நெல், இல்லாவிட்டால் பதர். விடிந்ததிலிருந்து அவன் முறை. ஆனால் வாய்க்காலில் தண்ணீரைக் காணோம். ஒரு நண்டு மட்டும் வளையை விட்டு வெளியே வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

கரையோடு மேலே நடந்து போனான். அக்கா மங்களாம்பிகையின் கணவர் துரைராசு, வாய்க்காலின் குறுக்கே வாழைமரத்தையும் மண்மூட்டைகளையும் போட்டு மறித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முழுதும் அவர் வயலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

“மாமா, விடிஞ்சதோட உங்க முறை முடிஞ்சிருச்சு.”

“விடிஞ்சிருச்சா மாப்ள? பனியில சரியாத் தெரியல.”

“வெயில் அடிக்குது மாமா.”

“அதான் கண்ணு கூசுது. கடைசி வயல் ஒண்ணுதான் பாக்கி. நனைஞ்சதும் நானே போன் பண்றேன். அக்கா பணியாரம் சுட்டிருக்கா, போய்ச் சாப்பிடு.”

வேறு யாராவதாக இருந்தால் மண்வெட்டி பேசியிருக்கும். போன வாரம்தான் அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோய்க் கொடுத்தான். சீர் கொடுத்த கையால் மாமாவின் மறிப்பை உடைக்க முடியாது. திரும்பி நடந்தான். அப்போதுதான் மலை ஞாபகம் வந்தது.

தண்ணீர் வராத ஒரு வருடம், முத்துப்பேட்டைக் கூட்டாளி சலாஹுதீன், “வாடா, தண்ணி இருக்கிற எடத்துக்குப் போவோம்” என்று அவனைக் கொச்சிக்குக் கூட்டிப்போனான். சொன்ன சொல் தவறவில்லை. அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. மூஸா என்பவரின் விசைப்படகில் செழியனுக்குச் சமையல் வேலை. கரை மறைந்து இரண்டு நாள் ஓடினால் மலை இருக்கும் இடம். ஆழம் காட்டும் திரையில் அதுவரை அடியே தெரியாத கடலில், திடீரென்று ஒரு சிவப்புக் கோடு எழும்பும், எழும்பிக்கொண்டே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபடி நின்றதில் சோறு குழைந்துவிட்டது. மலையைக் கண்ட சந்தோஷத்தில் ஒருவரும் திட்டவில்லை, சலாஹுதீனைத் தவிர.

அங்கே நங்கூரம் போட முடியாது. உச்சியே அவ்வளவு ஆழத்தில். நீரோட்டம் வரும் பக்கமாகத் தள்ளிப் போய் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். படகு தானாக மிதந்து உச்சியைக் கடக்கும். கடக்கிறவரை அந்தப் படகின் முறை. கலவா மீனும் சூரை மீனும் அதற்குள் தூண்டிலில் ஏறினால் உண்டு. மற்றப் படகுகள் வரிசையில் காத்திருக்கும். திரையில் கோடு இறங்கத் தொடங்கியதும் சமையல்காரன் சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கரண்டியால் அடிக்க வேண்டும். அடித்த பிறகு ஒரு தூண்டில்கூட நீரில் இருக்கக் கூடாது. இருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாப் படகு வயர்லெஸ்ஸிலும் அதுதான் பேச்சு.

ஒருமுறை கோடு இறங்கும் நேரம் பார்த்து சலாஹுதீனின் தூண்டிலில் பெரிய கலவா மாட்டியது. செழியன் கரண்டியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தான்.

“செழியா, தாளம் எங்க?” என்றார் மூஸா.

அடித்தான். மூஸா தூண்டில் நரம்பை மீனோடு அறுத்துவிட்டார். சலாஹுதீன் இரண்டு வேளைக்கு அவனோடு பேசவில்லை. சாப்பிட மட்டும் செய்தான்.

ஆனாலும் அந்தக் காத்திருப்பு. எஞ்சின்களெல்லாம் ஓய்ந்திருக்கும். பக்கத்துப் படகில் யாரோ இருமுவது கேட்கும். வெங்காயம் வதங்கும் வாசனையில் ஐந்தாறு படகுகள் சும்மா ஆடிக்கொண்டு நிற்கும், கீழே மலை இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில். அந்த அமைதியைச் செழியன் ஊருக்கு வந்து தேடிப்பார்த்தான். அவன் வீடு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீடு.

மூஸாவுக்குப் பார்வை மங்கியது, படகை விற்றார், ஆட்கள் கலைந்தார்கள். சலாஹுதீன் முத்துப்பேட்டையில் குடை, பை விற்கிறான். எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி “எத்தன பாகம்?” என்பதுதான். பாகம் என்றால் கை இரண்டையும் விரித்த அளவு. கடலில் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். செழியனுக்கு வருங்கால வைப்பு நிதியாகக் கிடைத்தது, அடி நசுங்கிய அந்த அலுமினியப் பானை.

வீட்டில் அதைத் தூக்கினான்.

“எங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள் மனைவி வானதி.

“மாமா முறை முடிஞ்சிருச்சு.”

“சோத்தையாவது மாத்தி வச்சிட்டுப் போங்க.”

மாற்றி வைத்துவிட்டுப் போனான். மறிப்புக்கு எதிர்க்கரையில் நின்று, பானையைக் கவிழ்த்து அடிக்கத் தொடங்கினான். சத்தத்தைத் தடுக்க அந்த ஊரில்தான் மலை கிடையாதே. அது வயல்களைத் தாண்டி ரயில்வே கேட் வரை போயிற்று. வரப்பில் புல் அறுத்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டு பைக்குகள் நின்றன. யார் இறந்தது என்று ஒருவர் விசாரித்தார்.

“மாப்ள, நிறுத்து. எல்லாரும் பாக்குறாங்க.”

“நிறுத்தக் கூடாது மாமா. தூண்டிலெல்லாம் மேல வர்ற வரைக்கும் அடிக்கணும்.”

“எந்தத் தூண்டில்?”

“யாரு முறைப்பா முடிஞ்சது?” என்று பைக்கிலிருந்து ஒருவர் கேட்டார். செழியன் இன்னும் பலமாக அடித்தான். அடிக்கிறவன் யார் பேரையும் சொல்லக் கூடாது. அதுவும் மூஸாவின் சட்டம்.

பணியாரத் தூக்கோடு மங்களாம்பிகை வந்தாள். தம்பியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

“இப்ப யாரு முறை?”

“முடியப்போற நேரந்தான் மங்களம்...”

“எந்திரிங்க. ஊரு சிரிக்குது.”

துரைராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். “நானே எடுக்கலாம்னுதான் இருந்தேன்” என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு வாழைமரத்தை உருட்டினார். தண்ணீர் கலங்கலாகக் கீழே பாய்ந்தது. செழியன் அடிப்பதை நிறுத்தினான். மாமாவின் கடைசி வயலில் ஒரு மூலை காய்ந்தபடியே இருந்தது. அறுந்த நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சலாஹுதீனின் முகம் ஞாபகம் வந்தது. அக்காவின் தூக்கிலிருந்து பணியாரத்தை எடுத்து முதலில் மாமாவுக்கு நீட்டினான். அவர் வாங்கிச் சாப்பிட மட்டும் செய்தார்.

மத்தியானம் தண்ணீர் அவன் வயலின் கடைசி வரப்பைத் தொட்டது. கதிர்களுக்கு நடுவே இறங்கி நின்று சலாஹுதீனுக்குப் போன் செய்தான்.

“எத்தன பாகம்?”

“கணுக்கால்.”

அந்தப் பக்கம் யாரோ குடைக்கு விலை கேட்டார்கள். சலாஹுதீன் அவரைக் கவனிக்கவில்லை.

“அப்ப உச்சியில நிக்கிற.”

“ஆமாடா.”

“மீனு?”

“ஒரு நண்டு.”

போனில் முத்துப்பேட்டைக் கடைத்தெரு கேட்டது. இந்தப் பக்கம் தண்ணீர் ஊறும் சத்தம்.

“தாளம் அடிச்சிடாதடா,” என்றான் சலாஹுதீன். “கொஞ்ச நேரம் நில்லு.”