சுடர் நீலமாகும் வரை

மலைநாட்டு மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை சீமையிலிருந்து கேஸ் எஞ்சினைத் தருவித்தபோது, சுற்றுவட்டாரத்துத் தொரைமார் எல்லாரும் வந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். காலையில் அதை எழுப்புவது என்ன பாடு என்று ஒருவராவது எஞ்சின்காரன் வீரசிங்கத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆளுயர இரும்புப் பீப்பாயில் மரக்கரியைக் கொட்டி, அடியில் தீ வைத்து, பீப்பாயோடு பொருத்திய கைவிசிறியை விடாமல் சுற்ற வேண்டும். முதலில் கிளம்புவது உதவாத கேஸ். அது குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்த் தொலையும். எஞ்சினுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சோதனைக் குழாய் உண்டு. அதைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் சுடர் மஞ்சளாக நடுங்கி அணையும். காற்றுத் திருகைக் கொஞ்சம் மூடி, தண்ணீர்ச் சொட்டைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி சுற்றி, மறுபடி கொளுத்திப் பார்க்க வேண்டும். சுடர் நீலமாக நின்று எரிந்தால்தான் கேஸை எஞ்சினுக்குத் திருப்பலாம். புது மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் கிடையாது.

போன வாரத்துப் பெருங்காற்றில் கூரைக் குழாயின் மேல்துண்டு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த குழாய், கொழுந்து வாட்டும் மாடியின் ஜன்னலுக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றது. புதுத் துண்டு பதுளை டவுனிலிருந்து வரும் என்றார் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரை நடத்தும் டீமேக்கர். வரும், வரும். வண்டி மாடு எந்த வளைவில் படுத்துக் கிடந்ததோ.

அன்றைக்குப் பார்த்துக் கரி முழுக்க ஈரம். பனிமூட்டம் ஸ்டோரை அப்பிக்கொண்டிருந்தது. ஓர் இலை அசையவில்லை. வீரசிங்கம் சுற்றினான், கொளுத்தினான். மஞ்சள். திருகைத் திருப்பினான், சுற்றினான். மறுபடியும் மஞ்சள். வாடிய கொழுந்து காத்துக் கிடக்கிறது, அரைக்கிற மிஷின் சும்மா நிற்கிறது என்று டீமேக்கர் தலைக்கு மேல் நின்று கத்தினார்.

அப்போதுதான் மாடியில் குலவைச் சத்தம் கேட்டது.

மாடிப் பெண்களுக்குப் பெரியவளான இராக்கம்மா படியிறங்கி ஓடி வந்தாள். அவள் கண்ணெல்லாம் ஈரம். "தம்பி, ஒம் பொண்டாட்டி மேல ஆத்தா வந்துருக்கா" என்றாள்.

வீரசிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கலியாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் மாரியாயிக்குக் குழந்தை இல்லை. அவள் கும்பிடாத சாமி இல்லை, இருக்காத விரதம் இல்லை. ஆத்தா அவளிடமே வந்துவிட்டாள் என்றால் வேறென்ன வேண்டும்? விசிறியைச் சுற்றிக்கொண்டே மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டான். எப்படி வந்தாள் என்று ஆசையோடு கேட்டான்.

ஜன்னலோரத் தட்டில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தவள் தலை கனக்குது என்றாளாம். கால் துவண்டதாம். ஆடினாளாம். இப்போது முகம் செக்கச்செவேல் என்று கிடக்கிறாளாம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கிறுகிறுவென்று வருகிறது, அத்தனை சக்தி என்றாள் இராக்கம்மா.

அவன் கை நின்றது. தலை கனப்பதும் கால் துவள்வதும் அவனுக்குத் தெரிந்த சங்கதி. காற்று உள்ளே திரும்பும் நாட்களில் அவனே பின்பக்கப் புல்லில் போய் விழுந்து, வாந்தியெடுத்து, மெள்ள எழுந்து வந்திருக்கிறான். அவளைக் கீழே கொண்டுவாருங்கள் என்று பதறினான். ஆத்தா வாக்குச் சொல்லாமல் அசைக்கக் கூடாது என்றாள் இராக்கம்மா. சூடம் அணையாமலிருக்க மற்ற ஜன்னல்களைச் சாத்தி, வெளிச்சத்துக்காக அவளைக் குழாய்க்கு நேர் மேலே இருந்த அந்த ஒரு ஜன்னலடியில்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்களாம்.

அவளை இறக்கச் சொல்லுங்கள் என்று வீரசிங்கம் டீமேக்கரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவரோ குலவைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். சாமி காரியத்தில் கை வைக்காதே, நீ சுடரைப் பார் என்றார்.

அவன் விசிறியை விட்டுவிட்டு ஓடினான். மாடியில் பெண்கள் கையைக் கோத்து மறித்தார்கள். கரி உடம்போடு ஆத்தாவைத் தொடாதே என்று அலறினார்கள். ஒருத்தியைத் தள்ளி, ஒருத்தியை மிதித்து, மாரியாயியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் புல்லில் கிடத்தினான்.

அதற்குமேல் செய்ய அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தைத் தட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். தலைப்பாகையால் விசிறினான், அழுதான். பெண்கள் தள்ளி நின்று அவனைச் சபித்தார்கள். உள்ளே வேறொருவன் விசிறியைப் பிடித்து, சுடரும் நீலமாகி, எஞ்சின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து மாரியாயி வாந்தியெடுத்துக் கண் திறந்தாள். ஆத்தாவோ கேஸோ, அவள் பிழைத்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மூலையில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அது ஆத்தா இல்ல புள்ள, கேஸு" என்றான்.

"கேஸ நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். சுடரைப் பார்த்திருக்கிறான். கேஸைப் பார்த்ததில்லை.

"ஆத்தாவ நான் பாத்தேன்" என்றாள் மாரியாயி. "செவப்புச் சீலையில கிட்ட வந்து நின்னா. வாயத் தொறந்தா. என்ன சொல்ல வந்தாளோ, அதுக்குள்ள தூக்கிட்டீங்க."

அவன் சொல்லிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், கையைப் பிடித்துக் கெஞ்சினான். நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதே ஜன்னலில் நிற்பதாக இராக்கம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்றாள். கரி இன்னும் ஈரம்தான், குழாய்த் துண்டும் வந்து சேரவில்லை. அவன் சுற்ற மாட்டேன் என்றால் சுற்றுவதற்கு வேறு ஆள் இருந்தது.

மாரியாயி எழுந்து வந்து அவன் காலைத் தொட்டாள்.

"இந்தத் தடவ மட்டும் மேல வராம இருங்க" என்றாள்.