முப்பத்தோராம் முறை

"பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 10.20. தவறு: கார்டைச் செருகிவிட்டு டேப்பை ஓட்டியிருக்க வேண்டும். சும்மா ஓட்டித்தானே பார்க்கிறோம் என்று கார்டைச் செருகாமலே ஓட்டினேன். சின்னத் தவறு என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. என் கணிப்பை நம்ப முடியாது."

எழுதி முடித்து அவள் பேனாவை மூடினாள். மாலை நேர எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அவளுக்குத் 'தேதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைத் தொட்டாலும் முதலில் நோட்டைத் திறந்து தேதி போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தேய்த்த லென்ஸை மூன்று தடவை அளந்த பிறகும், நான்காவது தடவை அளந்தால் என்ன என்று யோசிக்கிற சுபாவம்.

சாப்பாட்டு மேசை மேல் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரும் அதுவே, கீபோர்டும் அதுவே. டிவியோடு இணைக்க வேண்டும். புரோகிராம்களைப் பாட்டு கேட்கிற டேப்பிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் ஏற்றியது மொத்தமும் மறந்துபோகும். அப்பா பள்ளிக்கூடம் முடித்த வருஷம் வாங்கிய சாமான் அது. இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கென்றே புதுசு புதுசாகக் கார்டு செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளும் ஒன்று செய்தாள். உள்ளங்கையில் அடங்குகிற கார்டு, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் அதைச் செருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், அந்த நிமிஷம் உள்ளே இருப்பதை வரி விடாமல் நகம் அளவு மெமரி கார்டில் பிரதி எடுத்துவிடும். பத்து செய்யத் திட்டம். ஏழு முடிந்திருந்தது.

எல்லாம் அப்பாவின் செஸ் புரோகிராமுக்காக.

பதினேழு வயதில் அப்பா எழுதியது. எழுதியதாக அப்பா சொல்வது. அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினார். 'ஏற்கெனவே வெளியானதைப் போல இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அவருடைய தம்பி அவரைக் 'காப்பி மன்னன்' ஆக்கிவிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தப் பேர், ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்தப் பேர், வீடு மாற்றச் சாமான் தூக்கும்போதும் அந்தப் பேர். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

டேப் ஏறவே இல்லை. நான்கு ஞாயிறுகளில் முப்பது தடவை முயன்றாகிவிட்டது. இன்று காலை டேப் ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கிற தலைப்பாகத்தைத் திருப்புளியால் ஒரு மயிரிழை திருப்பினாள். சத்தம் தெளிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் ஓட்டினாள். முப்பத்தோராவது தடவை. இரைச்சல் நின்றதும் திரையில் செஸ் பலகை வந்து நின்றது. மேலே அப்பாவின் பெயர்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் குழிக்குள் ஒரு கயிற்றை நம்பித் தொங்குகிறவர். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சந்தோஷத்தில் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ரெக்கார்டருக்குள் 'கிர்ரக்' என்றது. டேப் உருளையில் சுற்றிக்கொண்டது. அவள் மூடியைத் திறந்து இழுக்க, ஒரு முழம் நசுங்கி வந்தது, மீதி இரண்டாக அறுந்து வந்தது. கார்டு மேசையின் ஓரத்தில், நான்கு விரல் தூரத்தில், சும்மா கிடந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செருகக் கூடாது. அந்த விதியை வாங்குகிறவர்களுக்கான தாளில் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

"ஏண்டி, ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட வேண்டியதுதானே?" என்றாள் அம்மா. மருந்துக் கடை வேலைக்கு விடுமுறை கிடைப்பது ஞாயிறு மட்டும்தான், அதிலும் சாப்பாட்டு மேசை பறிபோன எரிச்சல் அவளுக்கு.

"ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும்மா. டேப்பும் போச்சு."

"அப்போ?"

"அப்போ ஒண்ணும் இல்ல."

சித்தப்பா பன்னிரண்டு மணிக்கு வந்தார். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இந்த நெளிவு புதுசா பழசா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பிறந்த குழந்தையைக் காட்டினாலும் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று அம்மா சொல்வாள்.

"என்னண்ணே, போன்ல குழந்தை பொறந்த மாதிரி கத்துனே? ஏ தேதி, நீயும் இங்கதான் இருக்கியா. எங்க, காட்டு."

அப்பா திரையைக் காட்டினார். சித்தப்பா ஒரு சிப்பாயை நகர்த்தினார். திரை அப்படியே நின்றது.

"என்ன, செத்துப்போச்சா?"

"யோசிக்குது" என்றார் அப்பா. "ஒன்பது நிமிஷம் ஆகும்."

"உன்னை மாதிரியேதான். ஒன்பது நிமிஷம் யோசிச்சுட்டுத் தப்பா ஒண்ணு சொல்லும்."

அம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார்.

"மேல என் பேரு இருக்கு பாருடா."

"பேரு போடறதா கஷ்டம்? பஸ் சீட்டுல கூடத்தான் பேரைக் கீறி வச்சோம். அதுக்காக பஸ் நம்மளுதா?" சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு வாரம் மடியில புரோகிராம் அச்சடிச்ச பத்திரிகையை வச்சுக்கிட்டு நீ டைப் அடிச்சதை இந்தக் கண்ணால பார்த்தேண்ணே."

"அது வேற புரோகிராம்டா. பழகறதுக்கு அடிச்சது."

"சரி. உள்ள இருக்கறதைக் காட்டு. வரி வரியாக் காட்டு. உன் மூளைதான்னு தெரிஞ்சா உன் கால்ல விழறேன். இவ முன்னாடியே விழறேன்."

அங்கேதான் சிக்கல். புரோகிராமை நிறுத்தினால்தான் வரிகளைப் பார்க்க முடியும். நிறுத்துகிற கீயை வேலை செய்யாதபடி பதினேழு வயது அப்பா அடைத்து வைத்திருந்தார்.

"எதுக்குண்ணே அடைச்சே?"

"யாரும் திருடக் கூடாதுன்னு."

"காப்பி அடிக்கறவனுக்குத்தான் அந்த பயம் வரும்" என்றார் சித்தப்பா. இந்தத் தடவை அம்மா சிரிக்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் பலகையின் மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. தூசி என்று நினைத்து அவள் துடைத்தாள். போகவில்லை. இரண்டு மணிக்கு இன்னொன்று. கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்தால் இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது. பழைய மெமரி சிப்கள் சூடு தாங்காமல் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்திருந்தன. ஃபேனைத் திருப்பி வைத்தாள். ஐஸ்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டிப் பக்கத்தில் வைத்தாள். கால் மணி நேரத்தில் மூன்றாவது புள்ளி.

நோட்டில் எழுதினாள்: "சும்மா விட்டால் போய்விடும். நிறுத்தினால் போய்விடும். ஓடும்போதே செருகினால் அநேகமாகப் போய்விடும்." அந்த 'அநேகமாக' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள்.

"அப்பா, ஓடும்போதே செருகிப் பார்க்கட்டுமா?"

அப்பா திருப்புளியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். "வேணாம் கண்ணு. ஓடற வரைக்கும் ஓடட்டும். பார்த்தாச்சுல்ல."

அவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது. முப்பத்தேழு வருஷம் காத்திருந்தவர், ஒரு ஐந்து நிமிஷம் துணியக் கூடாதா? இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறாரா, இல்லை, வரிகள் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாரா? அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ள நீங்க எழுதினதுதானேப்பா இருக்கும்?"

சித்தப்பா தலையைத் தூக்கினார். அப்பா அவளைப் பார்க்கவில்லை. திருப்புளியை மெல்ல மேசை மேல் வைத்தார்.

"செருகு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பின்பக்கச் செருகுவாயில் ஐந்து வோல்ட் பட்டையும் ஒன்பது வோல்ட் பட்டையும் ஒட்டிப் பிறந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கார்டு ஒரு நூல் சாய்ந்தாலும் ஒன்பது, ஐந்தின் மேல் பாய்ந்துவிடும். ஒன்பதை மெல்லிய டேப் ஒட்டி மறைத்தாள். கார்டு உள்ளே போகிற நொடியில் மின்சாரத்தைக் குடித்துவிடாமல் இருக்க, அதற்குத் தனியாக ஒரு பேட்டரியில் முன்கூட்டியே உயிர் கொடுத்தாள். ஒரு கம்பியால் இரண்டின் எர்த்தையும் இணைத்தாள். வகுப்பிலிருந்து கொண்டுவந்திருந்த செத்த போர்டு ஒன்றில் நாற்பது தடவை செருகிப் பழகினாள். முப்பத்தெட்டு தடவை நேராகப் போனது. இரண்டு தடவை சாய்ந்தது. அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஏ தேதி, ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர் கூட இவ்வளவு எழுத மாட்டாரு" என்றார் சித்தப்பா. குரலில் பழைய கூர்மை இல்லை. பலகையில் அப்போது ஏழு புள்ளிகள். வெள்ளை ராஜாவின் தலை பாதி காணாமல் போயிருந்தது.

"பிடிங்க சித்தப்பா. ஆடாம."

சித்தப்பா கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்தார். அம்மா ஃபேனை நிறுத்தினாள். அப்பா டிவி பக்கம் போய் நின்றார். அவள் மூச்சை வெளியே விட்டுவிட்டு, கார்டை நேராக, ஒரே அழுத்தில் உள்ளே தள்ளினாள்.

பலகை அசையவில்லை. அதே ஏழு புள்ளிகள், அதே பாதி ராஜா.

"நிக்குது!" என்றார் அப்பா. "கண்ணு, நிக்குது!"

அவள் பொத்தானை அமுக்கினாள். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே திரை ஒரு தடவை வெள்ளையாகிக் கறுத்தது. பிறகு, தயாரித்த கம்பெனியின் பெயரும் வருஷமும் மட்டும் அடியில் ஒரு வரியாக வந்து நின்றன. வாங்கிக் கொண்டுவந்த அன்று வருகிற மாதிரி.

அவள் மெமரி கார்டைப் பிடுங்கி லேப்டாப்பில் போட்டாள். கோப்பு இருந்தது. அளவு சரியாக இருந்தது. திறந்தாள். சைபர். அடுத்த வரி சைபர். கீழே இழுக்க இழுக்க, மூவாயிரம் வரிக்கும் சைபர். கார்டு தொட்ட நொடியிலேயே கம்ப்யூட்டர் திடுக்கிட்டு, தன்னைத் துடைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த பலகை, போகிறபோக்கில் கடைசியாக மிஞ்சிய படம். அவளுடைய கார்டில் ஒரு குறையும் இல்லை. காலியாக இருந்த கம்ப்யூட்டரை அச்சு அசலாகப் பிரதி எடுத்திருந்தது.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. ஒண்ணுமே இல்ல."

அப்பா வந்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். சைபர்களை நல்ல கதை படிக்கிற மாதிரி கொஞ்ச தூரம் பொறுமையாகப் படித்தார். அவர் முகத்தையே அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கமா, தப்பித்த நிம்மதியா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

சித்தப்பா கம்ப்யூட்டரை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"விடுண்ணே. நீதான் எழுதினே. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், அண்ணன் மகளைப் பார்த்தார், ஒருவரும் கை கொடுக்கவில்லை.

"காலையில வரைக்கும் தெரியாதுல்ல" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. "இப்பவும் தெரியாது. பாவமேன்னு சொல்றே."

"அப்படி இல்லண்ணே..."

"வேணாம்டா. நீ அந்தப் பழைய பேரையே சொல்லு. அதையாவது நிஜமா சொன்னே."

அப்பா உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். மணி நாலேகால். வெயில் கூட இறங்கவில்லை. சித்தப்பா நாற்காலியை இருந்த இடத்தில் எடுத்துப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். இனிமேல் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிப்பவர் போலிருந்தது. ஒன்றும் தோன்றாமல், "வரேன் அண்ணி" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா மேசையைத் துடைக்கத் துணியோடு வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை நாற்காலி மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் நோட்டைத் திறந்தாள். கேட்டிருக்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தாள். அது எந்த வகைத் தவறில் சேரும் என்று தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொல்லவில்லை என்பதும், இனி அவர் என்ன சொன்னாலும் அதைச் சரிபார்க்க வழியில்லை என்பதும் தெரிந்தது. ஒரு வரி இடம் விட்டாள். பிறகு எழுதினாள்.

"மாலை 4.40. முயற்சி தோல்வி. கம்ப்யூட்டருக்குச் சேதம் இல்லை. கார்டு சரியாக வேலை செய்கிறது. நாளை: மீதி மூன்று கார்டுக்கும் கனெக்டர் சோல்டர் செய்ய வேண்டும். வகுப்பு ஆறரைக்கு."