குசினி மூலை இறங்கியது

அன்று காலை யோகலிங்கம் தின்ற தோசை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் பப்படமாகவும் இருந்தது. தடித்த பக்கத்தைப் பிய்த்து மனைவிக்கு நீட்டினார்.

"என்ர கையில பிழையில்லை. அடுப்பே சரிஞ்சு நிக்குது. உங்கட பங்கர் என்ர வீட்டைத் தின்னுது," என்றாள் புஷ்பவதி.

வீடு அவளுடைய சீதனம். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது மூதூரில் வளவுக்கு வளவு, ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார்கள். மற்றவர்கள் வேலியோரம் வெட்ட, யோகலிங்கம் அடுப்பிருந்த குசினியின் சுவரை ஒட்டி, அத்திவாரம் தெரியத் தெரிய வெட்டினார். புஷ்பவதிக்கு முழங்கால் வருத்தம், ஓட ஏலாது. குசினிக் கதவைத் திறந்தால் பங்கர்.

மாரி வந்தது. மழைத் தண்ணீரும் அவள் கோப்பை கழுவி ஊற்றிய தண்ணீரும் அத்திவாரத்தடி மணலை அரித்துப் பங்கருக்குள் சேர்த்தன. மற்ற மூலைகள் நின்ற இடத்தில் நிற்க, குசினி மூலை மட்டும் இறங்கியது. சுவர் படிக்கட்டு மாதிரி வெடித்தது. நிலை கோணிக் கதவு இறுகிவிட்டது.

ஒருநாள் ஷெல் கூவியது. இருவரும் இழுத்தும் கதவு அசையவில்லை. முன்வாசலால் இறங்கி, வீட்டைச் சுற்றி, அவள் நொண்டி நொண்டிப் போய்ச் சேர ஷெல்லடியே முடிந்துவிட்டது.

"பக்கத்திலயோ வெட்டினீங்கள், ஊர் தாண்டிக் கிண்ணியாவிலயோ?"

"கோப்பையை அங்க கழுவ வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"ஓம், கோப்பைதான் வீட்டை இறக்கினது! மூடுங்கோ அதை."

"உமக்கு ஒண்டு நடந்தால்?"

"அதுக்கு முதல் சுவர் என்ர தலையில விழும்."

தோசை தின்ற அந்தக் காலையில்தான் அவர் இறங்கி வந்தார். "சரியப்பா, மேசன் அஸீமைக் கூட்டிக்கொண்டு வாறன். மூடித் துலைப்பம்," என்று சைக்கிளை எடுத்தார்.

சந்தைத் தெருவில் ஷெல் விழுந்தது. அவர் அஸீம் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்து அஸீம் துக்கம் விசாரிக்க வந்தான். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தான்.

"மூடாட்டி அடுத்த மாரிக்குச் சுவர் நிக்காது, அக்கா."

"என்ர காலுக்காக வெட்டினவர்," என்றாள் அவள். பிறகு கேட்டாள்: "மூடினால் மூலை மேல வருமோ?"

"வராது. இனி இறங்காது, அவ்வளவுதான்."

"அப்ப கல்லுப் போட்டு இறுக்கி மூடு. சும்மா மண்ணைத் தள்ளிப்போட்டுப் போகாதை."

அவன் இறுக்கித்தான் மூடினான். அந்த மூலை இன்றும் நாலு விரல் தாழ்வாகவே இருக்கிறது.