நான்கு பேருக்கான திரை

சகாயசெல்வியின் மேசையில், சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இருந்த இடம் சரியாக இருபத்து நான்கு அங்குலம். தையல் நாடாவால் இருமுறை அளந்து சீட்டில் குறித்துக்கொண்டுதான் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பேருந்து ஏறியிருந்தாள். வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். முந்தின நாள் அணைந்த மானிட்டர் பிறகு ஒளிரவே இல்லை. வியாழனுக்குள் புதியது வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். கையில் பதினான்காயிரம் ரூபாய் இருந்தது.

கடையில் மூன்று மானிட்டர்களில் ஒரே மீன்கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு அங்குலம் எட்டாயிரத்து இருநூறு, இருபத்தேழு பதின்மூன்றாயிரம், முப்பத்திரண்டு பத்தொன்பதாயிரம்.

"எடம் இருபத்தி நாலுதான் மக்கா. கொஞ்சம் கூடினாலும் அலமாரில முட்டும்."

விற்பனைப் பெண் சிரித்தாள். சட்டையில் பிரீனா என்ற பெயர் குத்தியிருந்தது. "அது அகலமில்லக்கா. மூலைக்கு மூலை குறுக்கால அளக்கது. இருபத்தேழு வாங்கினாலும் அகலம் இருபத்தி மூணரைதான்."

"ஓ, வலைக்கண்ணு மாதிரியா! அதையும் முடிச்சுக்கு முடிச்சு இழுத்துப் பிடிச்சுல்லா அளப்பாவ."

"எங்கப்பாவும் வலைக்காரருதான். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. சரி, வீட்டில எத்தன பேரு பாப்பிய?"

"நாலு பேரு," என்றாள் சகாயசெல்வி.

நான்கு பேர் இருந்தது உண்மைதான். தம்பியும் அவன் மனைவியும் பெங்களூருக்குக் குடிபோய் ஆறு வருடம். அம்மாவை அடக்கம் செய்து பதினோரு மாதம்.

"அப்போ முப்பத்திரண்டுதான். சின்னதுன்னா யாரு நடுவில இருக்கதுன்னு அடி நடக்கும். மேசையில கொள்ளாட்டி சுவத்துல மாட்டலாம். மிச்சத்தத் தவணையில கெட்டுங்க."

"தம்பிக்குக் கிரிக்கெட்டுன்னா உயிரு," என்றாள் சகாயசெல்வி. அந்தச் சொல்லும் தானாகவே வந்தது.

தனியாக வாழ்ந்த கீரி ஒன்று, இரை பங்கிடும் இடத்துக்குப் போகும்போதெல்லாம் 'எங்கள் பொந்தில் பத்துப் பேர்' என்று சொல்லுமாம். கொடுத்த பத்துப் பங்கையும் ஒற்றையாய் இழுத்து வர மாட்டாமல் பாதி வழியில் படுத்துவிடுமாம். பேராசை என்று மற்ற விலங்குகள் சிரித்தன. பேராசை இல்லை. ஒன்று என்று சொல்ல அதற்கு நா எழவில்லை, அவ்வளவுதான்.

பிரீனா ரசீதுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம ஆளு வந்து மாட்டுவாரு. தாங்கிப் பிடிக்க கூட ஒராளு வேணும். தம்பி இருப்பாரா?"

சகாயசெல்வி கையிலிருந்த சீட்டை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நாலு பேரில்ல மக்கா. நான் ஒருத்திதான்."

பிரீனா எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து மிகச் சிறிய திரையின் முன்னால் போட்டாள்.

"இருங்கக்கா. கைய நீட்டுங்க."

நீட்டினாள். விரல் நுனி கண்ணாடியைத் தொட்டது. நகத்தின் கீழே ஒரு மீன் கடந்து போனது.

"ஒராளுக்கு இந்தத் தூரம் போதும். எழுத்தும் இதுலதான் தெளிவா நிக்கும். மிச்சம் அஞ்சாயிரத்துக்கு மேல இருக்கு, நல்ல மீனா வாங்கித் தின்னுங்க."

"இனயத்துக்காரிகிட்டயா மீனு வாங்கச் சொல்லுக?"

இருவரும் சிரித்தார்கள். சகாயசெல்வி கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள். பணத்தைக் கொடுத்த பின், உத்தரவாதச் சீட்டில் பிரீனா அவள் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதினாள்.

"ரெண்டாவது நம்பரு ஒண்ணு சொல்லுங்க. நீங்க எடுக்காட்டி கூப்பிடதுக்கு."

சகாயசெல்வி கைபேசியைத் திறந்து பெயர்களை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தாள். தம்பியின் பெயரில் விரல் சற்று நின்றது. பிறகு மூடிவிட்டாள்.

"அது வேண்டாம். நான் எடுப்பேன்."

"வேலையா இருந்தா?"

"எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன் மக்கா."

பிரீனா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.