நாற்காலியிலிருந்து பத்து முறை

மோகனூர் செங்கோடன் நாற்பது ஆண்டுகள் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். போன மாசியில் கடைக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார் நாமக்கல் டாக்டர். தினமும் நடக்க வேண்டும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

"லோடு ஏத்துன ஒடம்புக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று செங்கோடன் மறுத்துவிட்டார்.

அவர் மனைவி அத்தாயி வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை தானே நாற்காலியில் உட்கார்ந்து எழத் தொடங்கினார்.

"ஏனுங்க, எனக்கு எண்ணிக்கை தவறிப் போயிருதுங்க. நீங்க எண்ணுங்க."

செங்கோடன் எண்ணினார். நான்காம் நாள், "முதுகை வளைக்காத புள்ள, இப்படி எந்திரி" என்று தானே செய்து காட்டினார். பிறகு தினமும் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். சாயங்காலம் காவிரிப் படித்துறை வரை நடந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்தார். மறதி குறையவில்லை, ஆனால் கூடவும் இல்லை. கால்கள் நன்றாகத் தேறியிருந்தன.

திரும்பும்போது பேருந்தில் செங்கோடன் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு எண்ணிக்கை தவறலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அத்தாயி பதறினார். "கோவமுங்களா?"

"கோவமில்ல. ஒரு நாளைக்கு நானே பாதியில மறந்து நின்னுட்டா என்ன பண்ணுவ?"

"மறுக்கா ஒண்ணுல இருந்து எண்ணுவோமுங்க."

ஊர் வரும்வரை செங்கோடன் அத்தாயியின் கையைப் பிடித்தபடியே வந்தார்.